தரங்கம்பாடியிலிருந்து கரையோரமாக

அன்புள்ள மீனா,

நாங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் உன் கடிதம் வந்து, பக்கத்து வீட்டில் பத்திரமாக இருந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் இவர், "இனி மீனாவுக்கு உட்கார நேரமிருக்காது" என்றார். உன் மூட்டு எப்படி இருக்கிறது? தைலம் தடவினால் மட்டும் போதாது, அந்த டாக்டர் சொன்ன பயிற்சியையும் விட்டுவிடாதே.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். இவர் ரிட்டயர் ஆனதிலிருந்து எங்காவது போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மனதில் இருந்தது கோயில், கோட்டை, மியூசியம். எனக்கோ நடக்க வேண்டும், அதுவும் கடலோரமாக. இரண்டுக்கும் பொதுவாகக் கிடைத்த ஊர் தரங்கம்பாடி. அங்கே ரூம் போட்டுக்கொண்டு, காலையில் நடை, வெயில் ஏறியதும் ஊர் சுற்றல் என்று பேசி முடித்தோம். வடக்கே பூம்புகார், ரோடு வழியாகச் சுமார் இருபது கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடக்கிற வயதா நமக்கு? ஒரு நாள் நடந்து எந்தக் குப்பத்தில் நிற்கிறோமோ, அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறித் திரும்புவது. மறுநாள் அதே இடத்துக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தொடர்வது. இது என் யோசனை. மாசி மாதம் என்பதால் காலை ஒன்பது வரைக்கும் சிரமமில்லை.

முதல் நாள் எனக்குப் பெரிய ஏமாற்றம். கடற்கரையில் நடப்பது என்றால் ஏதோ மெத்தை மேல் போவது போல நினைத்திருந்தேன். மேல் மணலில் கணுக்கால் வரை புதைகிறது. அலை வந்து போகிற ஈர மணல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் அது சரிவு. வடக்கு நோக்கிப் போகும்போது கடல் வலப்பக்கம், அதனால் வலது கால் எப்போதும் தாழ்விலேயே விழும். அரை மணியில் இடுப்பு ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்துவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என் நடையைப் பார்த்துவிட்டு, "தண்ணி வத்துற நேரம் பாத்து வாங்கக்கா, அப்ப கீழ தட்டையா இருக்கும்" என்றார். நம் கீழைக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை, அதில் என்ன பெரிய வித்தியாசம் வரப்போகிறது என்று இவர் முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் அந்த அம்மா சொன்ன நேரத்துக்குப் போனபோது, இருவர் சேர்ந்து நடக்கும் அகலத்துக்குச் சமமான மணல் கிடைத்தது. இவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோட்டையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இவருக்குக் கோபம் வரும். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டியது. 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே மியூசியம் இருக்கிறது. ஒவ்வொரு பலகையையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இவர் படிப்பதற்குள் நான் மாடியில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். நல்ல காற்று.

ஆனால் சீகன்பால்கு விஷயத்தில் நானும் கூடவே நின்றேன். 1706-ல் வந்து இறங்கி, இங்கே தமிழ் அச்சகம் நடத்திய ஜெர்மன் பாதிரியார், 1719-ல் இறந்து, தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானவர். என் வீட்டுக்காரரும் முப்பது வருஷத்துக்கு மேல் அச்சகத்தில் இருந்த மனிதர் இல்லையா? சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு நகர, இவர் எனக்கு ஈய எழுத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரியவையாம். காகிதமோ தட்டுப்பாடு. அதே எழுத்தில் அடித்தால் புத்தகம் முடியாது என்று இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்களாம். சொல்லும்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கம்போசிங் ஸ்டிக்கில் எழுத்து அடுக்குவது போல ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். அந்த விரல் அசைவைப் பார்த்து எத்தனை காலமாகிறது! கம்ப்யூட்டர் வந்த பிறகு நான் அதை மறந்தே போயிருந்தேன்.

நீ மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயிலில் போனதாகச் சொல்லுவாயே, அந்தப் பாதை 1986-ல் நின்றுபோனதோடு சரி. இனி யாரிடமும் ரயில் நேரம் கேட்காதே, சிரிப்பார்கள்.

மாசிலாமணிநாதர் கோயில் கரையின் விளிம்பிலேயே இருக்கிறது. 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். இதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. போகிற வழியில் எங்கே கல் கொட்டியிருந்தாலும் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பேன். கடலுக்குள் நீட்டிக் கல் போட்ட இடங்களில் தென்பக்கம் மணல் குவிந்து கரை அகலமாக இருக்கிறது, வடபக்கம் அரித்துப் பள்ளமாகிவிடுகிறது. இந்தக் கரையில் மணல் வருஷக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, அதைக் கல் மறித்துக்கொள்கிறது. தெற்கே இருக்கிற குப்பத்துக்கு லாபம், வடக்கே இருப்பவர்களுக்கு நஷ்டம். பிறகு அவர்களும் கல் கேட்பார்கள். இதற்கு முடிவு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. பலகையில் எழுதாத விஷயம் என்பதால் இவர் என் விளக்கத்தைச் சந்தேகத்தோடுதான் கேட்டார்.

சின்னங்குடிக்குப் போகும் வழியில் ஒரு தடம் பார்த்தோம், மீனா. அலை ஓரத்திலிருந்து சவுக்குத் தோப்புப் பக்கம் வரை டிராக்டர் சக்கரம் ஓடியது போல. மேலே போய்க் கலைந்த மணலில் முடிந்து, இன்னொரு தடமாகக் கடலுக்குத் திரும்பியிருந்தது. பங்குனி ஆமை ராத்திரி வந்து முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கிறது. முட்டைகளை எடுத்து, வலை வேலி போட்ட இடத்தில் புதைத்துக் காவல் காக்கிறார்கள். அங்கிருந்த பையன் சொன்னான்: பொரிய ஏழு வாரம்போல ஆகும், மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு அதிகம், குறைந்தால் ஆண். இவர் உடனே, "அப்போ நம்ம ஊர் வெயிலுக்கு எல்லாம் பெண்தான்" என்றார். கொஞ்சம் தள்ளிச் செத்து ஒதுங்கிய ஆமை ஒன்றும் கிடந்தது. வலையில் மாட்டி மூச்சு முட்டியிருக்கும் என்றான் பையன். அதற்கப்புறம் ரொம்ப தூரம் நாங்கள் பேசவில்லை.

பேசாமல் நடப்பது எங்களுக்கு நன்றாகவே வருகிறது என்று இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. வீட்டில் இவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் என்னவோ ஏதோ என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். கரையில் அலைச் சத்தம் இருப்பதால் பேசாதது பேசாதது மாதிரியே தெரியவில்லை. நெத்திலி காயும் மணலைச் சுற்றிக்கொண்டு போவதும், அடப்பங்கொடி காலில் சிக்காமல் தாண்டுவதும், கழிமுகம் குறுக்கிட்டால் ஆளைக் கேட்டு உள்பக்கமாகச் சுற்றி வருவதுமே வேலை. அப்படிச் சுற்றும்போதுதான் குப்பங்களுக்குள் போக நேர்ந்தது. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகள் கரையை விட்டுத் தள்ளி, வரிசையாக இருக்கின்றன. ஒரு பெரியவர் திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பழைய வீடு எங்கே இருந்தது என்று இவர் கேட்டதற்குக் கையை மட்டும் கடல் பக்கம் நீட்டிவிட்டு, "நீங்க எந்த ஊரு?" என்று பேச்சை மாற்றிக்கொண்டார்.

பூம்புகாரில் கலைக்கூடத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, ஸ்கூல் டூரில் நாம் சேர்ந்து பார்த்ததுதான். எனக்கு மனதில் நின்றது காவிரிதான். குடகிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர் வந்த ஆறு, கடலில் சேரும் இடத்தில் வாய்க்கால் மாதிரி இருக்கிறது. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிவிடுகிற வழக்கம், அதனால் மாசியில் தண்ணீரும் இல்லை. மறுநாள் இவர் பக்கத்திலிருக்கும் கீழையூருக்கு இழுத்துக்கொண்டு போனார். அறுபதுகளில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை அங்கே. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. படகு கட்டிய மரத்தூண்கள்கூட மண்ணுக்குள் மிஞ்சியிருந்தனவாம். பக்கத்தில் ஆறு எங்கே என்று தேடினேன், கண்ணுக்கெட்டியவரை வயல்தான். இந்த முறை பலகையை நான்தான் முழுதாகப் படித்தேன். இவர் வரப்பில் நின்றுகொண்டு, "கிளம்பலாமா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

அடுத்த தை மாதம் மணப்பாடு போகலாம் என்று பேச்சு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றும், அதன் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயமும் இருக்கின்றன. அவருக்கு ஆலயம், எனக்குக் குன்று. நீயும் அண்ணனும் வந்தால் நான்கு பேருக்குச் சேர்த்தே ரூம் போட்டுவிடலாம். மூட்டு வலி என்று இப்போதே மறுக்காதே, நடக்க முடியாத தூரத்துக்கு ஆட்டோ இருக்கிறது. பொங்கலுக்குப் பேத்தியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மருமகளிடம் கேட்டுவிட்டு எழுது. இவர் டிக்கெட் போட அவசரப்படுகிறார்.

அன்புடன்,
கௌரி

பின்குறிப்பு: கட்டுச் செருப்பு வாங்கிக்கொள். ஷூ வேண்டாம், உள்ளே மணல் புகுந்தால் தட்டித் தட்டியே பொழுது போய்விடும்.