பரம்பிக்குளத்தை ரிசார்ட் ஆக்கிடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியா பரம்பிக்குளம் போய் ஏரிக்கு நடுவுல இருக்கிற வீட்டிக்குன்னு தீவுல தங்கிட்டு வந்தோம். காடு கேரளாவோடது, ஆனா அந்தத் தண்ணி நம்ம பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால்ல ஓடி வர்ற தண்ணி, அதனால இது நமக்கும் சொந்த விஷயம்தான்.

தங்குற இடம் ரொம்ப சிம்பிள், டிவி ஏசி எதுவும் கிடையாது, அதுதான் வேணும்னு நினைக்கிறேன். சாயங்காலம் எதிர்க்கரையில காட்டெருமைக் கூட்டம் தண்ணி குடிக்க இறங்குச்சு, முட்டி வரைக்கும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால், மொத்தக் கூட்டமும் குடிக்கும்போது ஒண்ணு மட்டும் தலையைத் தூக்கி எங்களையே பார்த்துட்டு நின்னுச்சு. கூட வந்த பழங்குடி கைடு அண்ணன் மோப்பம் பிடிச்சே யானை எந்தப் பக்கம்னு சொன்னாரு!

அதே நேரம் கரையில வேற ஒரு குரூப் புளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டு அலற விட்டாங்க, அடுத்த நிமிஷம் கூட்டம் காட்டுக்குள்ள ஓடிருச்சு. இது 2010லயே புலிகள் காப்பகமா அறிவிச்ச இடங்க. செக்போஸ்ட்லயே ஸ்பீக்கரை வாங்கி வச்சுட்டு, திரும்பும்போது குடுத்தா என்ன? வனத்துறை தயவுசெஞ்சு யோசிக்கணும்.

— ஒரு வாசகர், உடுமலை