9.77 வந்த கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். திருநகரில் நாங்கள் இருவரும் சுகம்.

புவியீர்ப்பு முடுக்கம், அதாவது கீழே விழுகிற பொருளின் வேகம் விநாடிக்கு விநாடி எத்தனை மீட்டர் கூடுகிறது என்பது, எவ்வளவு என்ற ஒரு மார்க் கேள்விக்குப் பேரன் 9.8 என்று எழுதாமல் 9.77 என்று எழுதிவிட்டான், மார்க் போச்சு என்று போனில் சத்தம் போட்டாயே, அந்த 9.77 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பாதிக் குற்றம் என்னுடையது.

மே மாதம் லீவுக்கு வந்தவன் சும்மா போனையே நோண்டிக்கொண்டிருந்தான். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று வீட்டில் கிடந்தது. முடிச்சு வரை சரியாக ஒரு மீட்டர் நூல் விட்டு, நடுக்கூடத்துக் கொக்கியில் ஊசலாகக் கட்டிக் கொடுத்தேன். ஊசலின் நீளமும் அது ஒரு தடவை ஆடிவர ஆகும் நேரமும் தெரிந்தால் அந்த முடுக்கத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். காற்று பட்டால் குண்டு கோணலாக ஆடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டோம். கத்திரி வெயிலில் உன் அம்மா எங்களைத் திட்டாத திட்டில்லை.

குண்டு ஒருமுறை போய்த் திரும்பினால் ஓர் அலைவு. இருபது அலைவுக்கு எத்தனை விநாடி என்று பார்த்துக் கணக்குப் போட்டான். 10.5 வந்தது. ‘தாத்தா, பூமி தப்பு’ என்றான். குண்டை விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணியிருக்கிறான் பயல். ஆடியது பத்தொன்பதுதான். சுழியத்திலிருந்து எண்ணச் சொன்னேன். 40.8 விநாடி, விடை 9.49. இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை. அரைமணி நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்துபோய் ஸ்கேலைக் கொண்டுவந்து, முடிச்சிலிருந்து குண்டின் நடு வரை வைத்துப் பார்த்தான். 3 செ.மீ. ஊசலின் நீளத்தைக் குண்டின் நடு வரை அல்லவா எடுக்க வேண்டும்! நீளம் 1.03 மீட்டர் என்று திருத்திப் போட்டதும் 9.77!

அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பூமி துருவத்தில் கொஞ்சம் தட்டை, நடுவில் கொஞ்சம் புடைப்பு, போதாததற்குச் சுற்றவும் செய்கிறது. அதனால் துருவத்தில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. மதுரை கோட்டுக்குப் பக்கம் என்பதால் இங்கேயும் ஏறக்குறைய 9.78தான். ஆனால் அவன் 9.77-இல் கடைசி 7-ஐ நான் நம்பமாட்டேன். ஸ்டாப்வாட்சை அழுத்துகிற விரலே 0.2 விநாடி முன்பின் ஆகும். 40 விநாடியில் அது அரை சதவீதம். கணக்கில் நேரத்தை அதே நேரத்தால் பெருக்குவதால் பிழையும் இரட்டித்து ஒரு சதவீதமாகிவிடும், அதாவது 0.1. ஆகவே அவன் சொல்லக்கூடியது 9.7-க்கும் 9.9-க்கும் நடுவே என்பதுதான். தேர்வில் கேட்டது புத்தகத்து மதிப்பு, 9.8 என்று எழுதியிருக்க வேண்டும். வாத்தியார் மார்க் போடாததில் தப்பில்லை. அதை அவனிடம் நீயே சொல், ஆனால் திட்டாதே.

இன்னொன்று சொல்கிறேன், கோபிக்காதே. நீ பிளஸ் டூ படிக்கும்போது ரெக்கார்டு நோட்டில் இதே ஊசல் சோதனைக்கு உனக்கு வேறு எதோ எண் வந்தது. ராத்திரி உட்கார்ந்து நேரங்களை ரப்பரால் அழித்து, 9.8 வருகிற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் போட்டாய். நான் பார்த்தேன். கப்பலூரில் லேத் ஓட்டுகிறவன், அளவு பொய்யானால் ஷாஃப்ட் பேரிங்கில் ஏறாது என்று தெரிந்தவன், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டேன். மறுநாள் உனக்குப் பரீட்சை.

சரி, என் பழைய மைக்ரோமீட்டரைப் பார்சலில் போட்டிருக்கிறேன். மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. உன் தலைமுடி ஒன்றை அவனை அளக்கச் சொல். ஒன்றும் வைக்காமல் முழுக்க மூடினாலும் அந்த மைக்ரோமீட்டர் 0.02 காட்டும், அளக்கிற ஒவ்வொன்றிலும் அதைக் கழிக்க வேண்டும். இது உனக்கு மட்டும் எழுதியது. அவனிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா