இலுப்பையை ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்டு மரங்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் இலுப்பைக்கு ஒரே ஒரு வரி. அதுவும் 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்ற பழமொழியோடு முடிந்துவிட்டது. வேறு வழியில்லாதவர்களின் மரம் என்று அதை ஒதுக்குவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பங்குனியில் விடிவதற்கு முன்பே பூ கொட்டத் தொடங்கிவிடும். முத்துப் போல வெளிர் மஞ்சளாக, தொட்டால் பிசுக்கென்று விரலில் ஒட்டும். பாட்டி அதைப் பாயில் உலர்த்தி, வறுத்து, எள்ளோடு சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடிப்பார். வாய்க்கால் மண்வாசனையும் வெல்லப்பாகும் கலந்தது போன்ற அந்த மணத்தை எந்தச் சர்க்கரையும் கொடுத்ததில்லை.

ஆனி, ஆடியில் பழம். வௌவால் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிட்டுப் போகும். காலையில் பொறுக்குவது பிள்ளைகள் வேலை. உடைத்து, பருப்பைக் காயவைத்துச் செக்குக்கு அனுப்புவோம். அந்த எண்ணெயில்தான் கோயில் விளக்கு எரிந்தது. மார்கழிக் குளிரில் வெண்ணெய் மாதிரி உறைந்துபோகும், வெயிலில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். மிஞ்சிய புண்ணாக்கைப் பொடித்து, எண்ணெய் தேய்த்த தலைக்குப் போட்டால் நுரைத்துப் பிசுக்கெல்லாம் போய்விடும். (கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது!) வயலுக்கும் அதுவே உரம்.

மயிலாடுதுறை மாவட்டத்தில் மணல்மேடு பக்கம் இலுப்பைப்பட்டு என்று ஊரே இருக்கிறது. சுந்தரர் பாடிய திருப்பழமண்ணிப்படிக்கரை அதுதான். அங்கே தலமரமும் இலுப்பை. ஆனால் எங்கள் ஊர்ச் சாலையோரம் வரிசையாக நின்ற மரங்களில் சில 2018 கஜா புயலில் சாய்ந்தன. மீதியைச் சாலையை அகலப்படுத்தும்போது வெட்டினார்கள். பதிலுக்கு வைத்தது சீக்கிரம் வளரும் அலங்கார மரங்கள். இலுப்பை காய்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், சரி. ஆனால் நின்றுவிட்டால் நம் பேரன் பேத்திகளுக்கும் காய்க்குமே.

குளக்கரையிலும் கோயில் நிலத்திலும் இலுப்பை வைக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். ஒன்றை மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்: இந்தக் கொட்டையை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்க முடியாது. ஈரம் காய்ந்தால் முளைப்பு போய்விடும், விழுந்த சில நாட்களிலேயே ஊன்றிவிட வேண்டும். எங்கள் குளக்கரையில் மிச்சமிருக்கும் இரண்டு மரங்களின் அடியிலும் இப்போது கொட்டை கிடக்கிறது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், மயிலாடுதுறை மாவட்டம்