செயலாளரின் ஆண்டறிக்கை: மாலை வகுப்பு, சந்தா பாக்கி மற்றும் சில

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விளையாட்டுப் போட்டி நடந்தது. சுதந்திர தினக் கொடியேற்றம் நடந்தது, மிட்டாய் போதவில்லை என்ற புகாரும் வழக்கம்போல் வந்தது. கண் பரிசோதனை முகாம் ஒன்று. மற்றபடி இந்த வருஷம் முழுக்க, பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்புதான்.

"பள்ளிக்கூடம் இருக்கும்போது சங்கத்துக்கு எதற்கு இந்த வேலை?" என்று கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆலங்குளம், முக்கூடல், கடையம் என்று நம் பக்கம் எங்கே போனாலும் பீடிதான். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு, வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் தனியாக ஆயிரத்தை எட்டுவது லேசில்லை, அதனால் பள்ளி விட்டு வந்த பிள்ளை பையைப் போட்டுவிட்டு, பீடி சுற்றும் சுளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முனை மடக்குகிறது, நூல் கட்டுகிறது. கூலி எழுதும் கடைப் பாஸ்புக்கில் இருப்பது அம்மா பெயர் மட்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தில் 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்றவர்கள், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்தும் விட்டார்கள். புகையிலைத் தூள் ஆபத்தில்லாததா? மூக்கில் ஏறினால் இருமல், நிக்கோட்டினோ தோல் வழியாகவே உள்ளே போகும். பிள்ளை தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் வெயில் என்று விட்டுவிடுகிறோம். ராத்திரி வரை குனிந்து உட்கார்ந்த பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கத்தான் செய்யும், பாடம் விட்டுப்போகும், அப்புறம் "படிப்பு ஏறவில்லை" என்று பெண்பிள்ளையை நிறுத்தி முழுநேரமாகச் சுளகு கொடுத்துவிடுவார்கள்.

தாய்மாரைக் குறை சொல்லவில்லை, கூலி அப்படி. ஆனால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுவேன் என்று நான் வீடு வீடாக மிரட்டினேனாம், அப்படி ஒரு பேச்சு. சாயங்காலம் இரண்டு மணி நேரம் பிள்ளையை அனுப்புங்கள் என்றேன், அவ்வளவுதான்.

வரவு செலவு பொருளாளரிடம் இருக்கிறது, பார்க்கலாம். வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல், அந்தக் கொஞ்சம் யார் கையிலிருந்து போனது என்று பொருளாளருக்குத் தெரியும். மாதம் 50 ரூபாய் சந்தாவில் பாதிப்பேர் பாக்கி. கூட்டத்துக்கு வராதவர்கள்தான் வாட்ஸ்அப்பில் முதலில் கேள்வி கேட்கிறார்கள்.

வகுப்பு எடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், மின்கட்டணம் கட்டிய உறுப்பினருக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நான் நிற்பதாக இல்லை. வகுப்பை விடாமல் நடத்துவேன் என்று யார் வந்தாலும் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். யாரும் வராவிட்டால், பாக்கி சந்தா ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வந்து சேர்ந்தால், சரி, யோசிக்கலாம்.