கோலமாவு வீடியோவும் நம் கடையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் வாசலை அடைத்துக்கொண்டு பழைய கதவுகள் சாய்ந்து நிற்குமே, அந்தக் கடையிலிருந்துதான் எழுதுகிறேன். பழைய வீடுகளைச் சுண்ணாம்பு பூசிப் பழுதுபார்த்துக் கொடுப்பதும் நாங்கள்தான். உங்களில் பாதிப் பேர் வீட்டு மொட்டைமாடியில் வெறுங்காலோடு நடந்து விரிசல் தேடியிருக்கிறேன். மீதிப் பேர் வீட்டில் காபியாவது குடித்திருப்பேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். ஒரு கை சுவரைத் தடவுகிறது, உள்ளங்கை வெள்ளையாகிறது. "அஞ்சு லட்சம் கொடுத்து கோலமாவு வாங்கியிருக்கோம்" என்று ஒரு குரல் சிரிக்கிறது. எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் என் சொந்த மச்சான்.

சுவர் நாங்கள் சுண்ணாம்பு பூசியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து லட்சம் ஒரு சுவருக்கானது இல்லை. அது ராயபுரத்தில் நூறு வருடத்துக்கும் மேலான வீடு. மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய காலத்துத் தளம். தேக்குச் சட்டங்களை அடுக்கி, மெல்லிய சின்னச் செங்கல்லைக் குறுக்குவாட்டில் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவை வைத்துக் கட்டியது. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கிய தளம். இரண்டு சட்டங்களின் முனை சுவருக்குள் மக்கியிருந்தது. இடித்த வீட்டிலிருந்து வந்த பர்மா தேக்கில் அதே கனத்துக்கு இழைத்து மாற்றினோம். மாடித் தண்ணீர் போகும் வழியைச் சரிசெய்து தட்டோடு பதித்தோம். ஐந்து ஜன்னல்களைக் கழற்றி, ஏழு கோட்டு பெயின்டைச் சுரண்டி, கீல் மாற்றித் திரும்ப மாட்டினோம். கூடத்துக்குச் செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் டைல்ஸ். இவ்வளவும் சேர்ந்துதான் ஐந்து லட்சம். சுவரின் பங்கு அதில் நாற்பதாயிரத்தைத் தாண்டாது. பில் என்னிடம் இருக்கிறது. கேட்டால் காட்டுவேன், கேட்காவிட்டாலும் காட்டுவேன் போலிருக்கிறது.

அடுத்தது, ஏன் வெள்ளை ஒட்டியது என்பது. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. சுண்ணாம்பு அப்படியில்லை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, பூசிய பிறகு அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. அதற்குச் சுவரில் ஈரம் இருக்க வேண்டும். ஈரம் போய்விட்டால் உள்ளே எப்படியிருந்தாலும் மேல்தோல் மாவாகவே நின்றுவிடும். அது மேற்குப் பார்த்த சுவர், பூசியது கத்திரி வெயிலில். நனைத்த கோணியைத் தொங்கவிட்டு, ஒரு வாரமாவது காலையும் மாலையும் மத்தியானமும் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும். மத்தியானத் தெளிப்பு இரண்டு நாள் விட்டுப்போயிருக்கிறது.

ஏன் விட்டுப்போனது? எங்கள் பெரிய மேஸ்திரி பங்குனியோடு நின்றுவிட்டார். உங்களுக்குத் தெரிந்தவர்தான். பீடியைக் காதில் செருகிக்கொண்டு, விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுப்பாரே, அவர். 'டங்' என்று கேட்டால் அடுத்த இடத்துக்குப் போவார், 'தொப்' என்று கேட்டால் கரிக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். முழங்கால் இரண்டும் போய்விட்டது, சாரம் ஏற முடியவில்லை. பொன்னேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். கலவை பதம் பார்க்க அவரிடம் கருவி எதுவும் கிடையாது. கரணையில் எடுத்துக் கவிழ்ப்பார். உடனே விழுந்தால், "தண்ணி ஜாஸ்தி, நைனா" என்பார். விழவே விழாவிட்டால், கலவையில் சேர்க்கும் கடுக்காய் ஊறிய தண்ணீர் இன்னும் கொஞ்சம். ஒட்டி நின்று, மனசில்லாமல் இறங்கினால்தான் சரி. இதை எந்த நோட்டில் எழுதி எந்தப் பையனுக்குக் கொடுப்பது? இப்போதிருக்கும் இரண்டு கொத்தனார்களும் நல்ல கைக்காரர்கள், ஆனால் இருபது வருடம் சிமென்டில் பழகிய கை. சிமென்ட் பூசினால் மறுநாள் வேறு சைட்டுக்குப் போய்விடலாம். சுண்ணாம்பைப் பிள்ளை பெற்ற வீடு மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கார அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. வீடியோ எடுப்பதற்கு முன்னால் ஒரு போன் போட்டிருக்கலாமே என்று கடையில் உட்கார்ந்து நானும் புலம்பினேன். பிறகு பார்த்தால் போட்டிருக்கிறார், இரண்டு தடவை. நான் ஆத்தங்குடியில், தொட்டித் தண்ணீரிலிருந்து எடுத்த டைல்ஸை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு. நான்காம் நாள் போய் அந்தச் சுவரை முழுக்கச் சுரண்டி, நனைத்து, புதிதாகப் பூசி, பன்னிரண்டு நாள் கோணி கட்டிக் காத்தோம். ஒரு பைசா வாங்கவில்லை. இப்போது தடவினால் கையில் ஒன்றும் வராது. அந்த அம்மாவே அதையும் வீடியோ எடுத்து அனுப்பினார். அது எத்தனை பேருக்குப் போனது? என் மச்சானுக்குக்கூடப் போகவில்லை, நான்தான் அனுப்பினேன்.

"இவ்வளவு தொல்லை எதற்கு, சிமென்டிலேயே முடிக்கலாமே" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். புது வீடாக இருந்தால் நானே சரி என்பேன். ஆனால் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பழைய சுவரெல்லாம் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல். கடல் காற்று, உப்பு, கீழிருந்து ஏறும் ஈரம். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். உப்புப் பூத்து, பூச்சு அப்பளமாக உப்பி, ஒருநாள் பாளம் பாளமாக விழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நாங்கள் சுண்ணாம்பு பூசிய வீடு கறையோடு நின்றது, ஆனால் மாசிக்குள் காய்ந்துவிட்டது. எதிர்வீட்டுச் சிமென்ட் சுவரில் ஆடி வரைக்கும் பாசி வாசனை. ஒரே ஒரு தெருவை வைத்து நான் பெரிதாகப் பேசக்கூடாதுதான். ஆனாலும் அந்தத் தெருவைத் தினமும் தாண்டித்தான் கடைக்கு வருகிறேன்.

இன்னொன்றும் உண்டு. சிமென்டுக்குச் சூளையில் 1,450 டிகிரி வரைக்கும் சூடு வேண்டும், சுண்ணாம்புக்கு 900 பக்கம் போதும். சுடும்போது விட்ட கரியமில வாயுவில் ஒரு பங்கைச் சுவரே திரும்ப வாங்கிக்கொள்கிறது. பழைய கதவைத் திரும்ப மாட்டினால் அதற்காக ஒரு மரம் புதிதாக விழ வேண்டாம். இதையெல்லாம் இப்போது பெரிய பெயர் வைத்துச் சொல்கிறார்கள். நம் பாட்டன்மார் காசு மிச்சம் என்று செய்தார்கள்.

காசு என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டுப் பக்கம் எங்களுக்குக் கிளிஞ்சல் சுட்டுக் கொடுத்தவர் காளவாயை நிறுத்திவிட்டார். இப்போது தெற்கேயிருந்து லாரியில் வருகிறது, வாடகை தனி. கடுக்காய், வெல்லம், சித்தாள் கூலி எதுவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஆகவே சுண்ணாம்புப் பூச்சு சதுர அடிக்கு 140 ரூபாயிலிருந்து 165 ஆகிறது. ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான். தேதிகள் மட்டும் ஏழெட்டு வாரம் தள்ளும், ஐந்து வருட இலவசப் பராமரிப்பு புது வேலைகளுக்கு இரண்டு வருடமாகிறது. சித்திரை, வைகாசியில் இனி மேற்குச் சுவர் பூசுவதில்லை. மேஸ்திரி மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஆட்டோவில் வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, பையன்களைத் திட்டிக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

வீடியோ சுற்றிய அந்த வாரத்தில், ஒன்றுமே கேட்காமல் அடுத்த தவணையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்த தங்கசாலை அண்ணனுக்கும், "உங்க சுவர் எங்க வீட்ல ஒம்பது வருஷமா நிக்குது" என்று குழுவில் எழுதிய காசிமேட்டு அக்காவுக்கும், இடிக்கப்போகும் வீட்டிலிருந்து கதவு கிடைக்கும் என்று இன்றைக்கும் தகவல் சொல்லும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. அன்று ராத்திரிதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு, கடையின் பின்பக்கச் சுவர் புதுப் பையன்கள் பூசியது. கறுப்புச் சட்டை போட்டு வந்து சாய்ந்து பாருங்கள். ஞாயிறு விடுமுறை.

அன்புடன்,
உங்கள் பழைய கதவுக் கடைக்காரன்