ஞாயிறு வேஷத்துக்கு வண்ணம் கலக்கும் விதம்

வணக்கம். ஞாயிறு மாலை பிள்ளைகள் வேஷத்துக்கு முகத்தில் பூசும் வண்ணத்தை வீட்டிலேயே கலக்கலாம். 2 ஸ்பூன் கார்ன்ஃப்ளார், 1 ஸ்பூன் கோல்ட் கிரீம், 1 ஸ்பூன் தண்ணீர். இட்லி மாவுப் பதம் வரணும். ஃபுட் கலரை 2 சொட்டில் தொடங்குங்கள். கூடினால் கன்னத்தில் கறை தங்கிவிடும்.

தடிப்பாகப் பூசினால் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். நம்ம வேலூர் வெயிலில் வியர்வையோடு கண்ணில் இறங்கும். மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. கண்ணைச் சுற்றி ஒரு விரல் இடம் விடுங்கள். கூத்து வேஷம் கேட்கும் பிள்ளைக்கு முகத்தில் பூசிய சிவப்பு நன்றாகக் காய்ந்த பிறகே, நிறம் சேர்க்காத வெள்ளைக் கலவையை பட்ஸ் குச்சியால் தொட்டுப் புள்ளி வையுங்கள். ஈரத்தில் வைத்தால் ரோஸாகிவிடும்.

துணி பெயின்ட், போஸ்டர் கலர் வேண்டவே வேண்டாம். சனிக்கிழமையே முழங்கை உட்புறம் தடவிப் பாருங்கள். அரித்தால், சிவந்தால் முகத்தில் போடாதீர்கள். கலைக்கத் தேங்காய் எண்ணெய், பிறகு ஈரத்துணி.