சிஸ்டம் ஆன் ஆகவில்லையா? ஃபார்மேட் போடும் முன் ஒரு நிமிடம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "சிஸ்டம் ஆன் ஆக மாட்டேங்குது, ஃபார்மேட் போட்டுக் கொடுத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டே கடைக்குள் வருகிறவர்கள் நிறையப் பேர். ஃபார்மேட் போட்டால் சி டிரைவில் இருப்பதெல்லாம் போய்விடும். டெஸ்க்டாப்பில் வைத்த கணக்கு ஃபைல், பிள்ளைகளின் போட்டோ எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கோளாறோ பல நேரம் விண்டோஸில் இருப்பதே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

சிஸ்டம் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள். போனில் இதைச் சரியாகச் சொன்னாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஃபேன் சுற்றுகிறது, பீப் பீப் என்று சத்தம் வருகிறது, ஆனால் கம்பெனி லோகோகூடத் திரையில் வரவில்லையா? அப்படியென்றால் விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை, ஃபார்மேட் போட்டுப் பயனில்லை. எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் ரேம் என்கிற நினைவகப் பட்டைதான் காரணம். டெஸ்க்டாப் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றுங்கள். அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டி, இரு பக்கமும் 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். தேதியும் நேரமும் அடிக்கடி மாறிப்போனால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். மாற்றினால் சரி.

லோகோ வந்து, புள்ளிகள் சுற்றி, நீலத்திரை காட்டி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிறதா? இங்கே விண்டோஸையோ, பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளையோ சந்தேகப்படலாம். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இப்படித்தான் மாட்டிக்கொண்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட் அதற்குக் காரணம். தேவையானதை மட்டும் வைத்து விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் போய், அந்த அப்டேட்டில் வந்த ஒரு ஃபைலை அழித்ததும் கணினிகள் எழுந்துவிட்டன. யாருடைய கோப்பும் போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நீங்களும் சேஃப் மோடுக்குப் போகலாம். லோகோ வந்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். அப்புறம் 4-ஐ அழுத்துங்கள். கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் வசதியும் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் உண்டு.

நடுவில், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். சிஸ்டம் நன்றாக ஓடும்போதே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் பூட்டிய டிஸ்கை எங்களால் திறக்க முடியாது. அதைச் சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்புவது எங்களுக்கு மிகவும் வருத்தமான வேலை.

ஹார்டு டிஸ்கில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே கீறல் கூடலாம். அப்படியே அணைத்துக் கொண்டுவாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரையும், நீலத்திரை வந்திருந்தால் அதைப் போனில் எடுத்த படத்தையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையினர்